எம்.டி.ஏ. கூடியிருக்கிறது, சரி, அதற்கு என்ன அர்த்தம்?

நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் சிலரை ஒரு பக்கம், நோயில்லாதவர்கள் சிலரை இன்னொரு பக்கம் வைத்து, இரு தரப்பிலும் ரத்தம் எடுத்து, மாலோன்டைஆல்டிஹைடு (எம்.டி.ஏ., கொழுப்பு பழுதாகும்போது உண்டாகும் பொருள்) பார்த்து, எஸ்.ஓ.டி. (சூப்பராக்சைடை அடக்கும் நொதி) பார்த்து, முன்னது கூடியிருக்கிறது பின்னது குறைந்திருக்கிறது என்று முடிக்கும் ஆய்வுக் கட்டுரைகளை யாராவது எண்ணத் தொடங்கினால் பாதியிலேயே களைத்துப்போவார்கள். உயிர்வேதியியல் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த தலைப்பு இது. கிட் கிடைக்கும், நோயாளிகள் கிடைப்பார்கள், முடிவும் எதிர்பார்த்தபடியே வரும். முடிவு பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த எண் ஏன் கூடியது என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் மனக்குறை. அதிலும் சிறுநீரக நோயில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் மிச்சம் ஒன்றுமே இல்லை.

நான் டாக்டர் இல்லை, ஆய்வக ஆள். அதனால் இதெல்லாம் மாதிரிக் குழாயின் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்வது.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாக. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் ராடிக்கல் மாதிரியான வீரியமான பொருள்கள் உண்டாகிக்கொண்டே இருக்கும். அவற்றை அடக்க நொதிகளும் வைட்டமின்களும் குளுட்டத்தையோனும் இருக்கின்றன. உண்டாவது அதிகமாகி அடக்குவது குறைந்தால் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எல்லாம் பழுதாகும். இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். 1985-இல் ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் இந்தக் கருத்தை வரையறுத்தார். (அவரே பின்னாளில், எல்லா ராடிக்கலும் கெட்டது இல்லை, அளவாக இருந்தால் செல்லுக்குச் செய்தி சொல்லும் வேலையையும் அவைதான் செய்கின்றன என்று விளக்கியிருக்கிறார். ஆன்டிஆக்சிடன்ட் விளம்பரங்களில் இந்தப் பாதி மட்டும் வராது.)

சிறுநீரக நோயில் இது கூடுவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் ரத்தக்குழாய்ச் சுவரில் சூப்பராக்சைடு உண்டாக்கும் நொதியைத் தூண்டுகிறது. வெளியேறாமல் தேங்கும் இண்டாக்சில் சல்பேட் போன்ற கழிவுகளும் அதையே செய்கின்றன. உள்ளுக்குள் எப்போதும் கொஞ்சம் அழற்சி. பொட்டாசியத்துக்குப் பயந்து பழமும் காயும் குறைக்கப்படுவதால் வைட்டமின் சி வரத்தும் குறைவு. டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் ரத்தம் செயற்கைச் சவ்வில் உரசும்போது வெள்ளணுக்கள் கிளர்ந்தெழுகின்றன, நீரில் கரையும் வைட்டமின் சி சவ்வு வழியே போய்விடுகிறது, ரத்தசோகைக்காக நரம்பில் ஏற்றும் இரும்பு தன் பங்கைச் செய்கிறது. ஆகவே அழுத்தம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எப்படி அளப்பது என்பதில்தான் சிக்கலே.

ராடிக்கலை நேரடியாக அளக்க முடியாது. ஹைட்ராக்சில் ராடிக்கலின் ஆயுள் நானோ விநாடிக் கணக்கு. ஊசி குத்தி, குழாயில் பிடித்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுப்பதற்குள் அது பிறந்து செத்துப் பல தலைமுறை ஆகியிருக்கும். எனவே அது விட்டுப்போன தடயத்தைத்தான் தேடுகிறோம். பழுதான கொழுப்பு, பழுதான புரதம், பழுதான டி.என்.ஏ., இல்லையென்றால் செலவாகிப்போன பாதுகாப்பு.

கொழுப்பின் தடயங்களில் மிகப் பிரபலமானது எம்.டி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் மாலோன்டைஆல்டிஹைடு. பிளாஸ்மாவோடு தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்து, 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும், அதை 532 நானோமீட்டரில் படிக்க வேண்டும், அவ்வளவுதான். மலிவு, எளிது, ஒரு சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் போதும், இத்தனை கட்டுரைகள் வருவதற்கும் அதுவே காரணம். ஆனால் அந்த அமிலம் எம்.டி.ஏ.வோடு மட்டும் சேர்வதில்லை. சில சர்க்கரைகளோடு, சியாலிக் அமிலத்தோடு, வேறு ஆல்டிஹைடுகளோடு எல்லாம் சேர்ந்து நிறம் காட்டும், பிலிரூபினும் இடையில் புகுந்து குழப்பும். போதாததற்கு, சூடாக்கும்போது மாதிரியில் இருக்கும் கொழுப்பே குழாய்க்குள் ஆக்சிஜனேற்றம் அடைந்து புதிதாக எம்.டி.ஏ.வை உண்டாக்கும். நோயாளியின் உடம்பில் நடந்ததா நம் தண்ணீர்க் குளியலில் நடந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஹெச்.பி.எல்.சி. வழியே பிரித்து அந்த ஒரு சேர்மத்தை மட்டும் அளந்தால் நிலைமை நிறையத் தேறும். வெறும் நிறம் பார்த்ததை எம்.டி.ஏ. என்று எழுதுவது எனக்குக் கொஞ்சம் துணிச்சலாகவே படுகிறது.

இதைவிடப் பல படி மேலானது எஃப்2-ஐசோப்ரோஸ்டேன். 1990-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜேசன் மாரோ, ஜாக்சன் ராபர்ட்ஸ் குழுவினர் கண்டுபிடித்துச் சொன்னது. அராகிடோனிக் அமிலத்தை ராடிக்கல்கள் தாக்கும்போது நொதியின் துணையில்லாமலே உண்டாகும் பொருள். கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்த எலிகளில் பல அளவீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்கக் கூட்டாய்வு ஒன்றிலும் இதுதான் முன்னணியில் வந்தது. ஆனால் சரியாக அளக்க, மூலக்கூறை எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். ஆன்டிபாடியை வைத்து அளக்கும் எலைசா கிட்டில் பார்ப்பவர்களும் உண்டு, அதில் வரும் எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் தரும் எண்ணும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. இதில் அதிகம் அளக்கப்படும் வகை பிளேட்லெட்டுகளில் நொதி வழியாகவும் கொஞ்சம் உண்டாகும், ஆகவே உறைய விட்டு எடுத்த சீரம் வேண்டாம், பிளாஸ்மாதான் வேண்டும். மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் மாதக்கணக்கில் கிடந்த மாதிரியும் வேண்டாம், அங்கேயும் கொழுப்பு மெதுவாக ஆக்சிஜனேற்றம் அடைந்துகொண்டே இருக்கும். மைனஸ் 80 வேண்டும், எடுத்தவுடனேயே பி.ஹெச்.டி. மாதிரி ஒரு ஆன்டிஆக்சிடன்ட் சேர்த்திருந்தால் இன்னும் நல்லது. (பட்டம் இல்லை, பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுவீன்.)

இதுவரை சொன்னதெல்லாம் எந்த நோய்க்கும் பொருந்தும். சிறுநீரக நோய்க்கென்றே ஒரு தொல்லை தனியாக இருக்கிறது.

நாம் அளக்கும் தடயங்களில் பல, சிறுநீரகம் வழியாகத்தான் உடம்பை விட்டு வெளியேறுகின்றன. ஒரு தொட்டியில் நீர்மட்டம் ஏறியிருக்கிறது என்றால் குழாயை யாரோ அதிகம் திறந்துவிட்டிருக்கலாம், வடிகால் அடைத்திருக்கலாம், இரண்டும் நடந்திருக்கலாம்; மட்டத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. சிறுநீரக நோயில் வடிகால் அடைத்திருக்கிறது என்பது நோயின் பெயரிலேயே இருக்கிறது. அப்புறம் ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) குறையக் குறைய இந்தக் குறியீடு ஏறுகிறது என்று ஒரு அழகான கோடு போட்டு, பாருங்கள் நோய் முற்ற முற்ற ஆக்சிஜனேற்றம் கூடுகிறது என்று எழுதினால் என்ன செய்வது? தசையிலிருந்து வந்து சிறுநீரில் போகும் கழிவான கிரியாட்டினினும்தான் அப்படி ஏறுகிறது. கிரியாட்டினின் உற்பத்தி கூடிவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே.

பென்டோசிடின் மாதிரியான சர்க்கரைப் புரதச் சேர்மங்கள் சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம், சர்க்கரை நோயே இல்லாவிட்டாலும், மிக அதிகமாக இருப்பதற்கு இந்தத் தேக்கமும் ஒரு காரணம். அலன்டோயின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. மனிதனுக்கு யூரிகேஸ் நொதி கிடையாது, பரிணாமத்தில் தொலைத்துவிட்டோம். ஆகவே யூரிக் அமிலத்திலிருந்து அலன்டோயின் உண்டாக வேண்டுமென்றால் ராடிக்கல்கள்தான் அதைச் செய்ய வேண்டும், கேட்பதற்கு எவ்வளவு சுத்தமான குறியீடு! இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் யூரிக் அமிலம் ஆளுக்கு ஆள் மாறும் தொல்லையும் ஓரளவு தீரும். ஆனால் அலன்டோயினும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது, டயாலிசிஸில் தாராளமாகக் கழுவப்பட்டுவிடுகிறது, ஆக விகிதம் போட்டாலும் வடிகால் பிரச்சினை முழுக்க விடுவதில்லை. ஐசோப்ரோஸ்டேனில் இதற்கு ஒரு வழி உண்டு. அது தனியாகவும் சுற்றும், கொழுப்போடு ஒட்டிக்கொண்டும் சுற்றும். ஒட்டியிருக்கும் பகுதி சிறுநீரகம் வழியே நேராக வெளியேறுவதில்லை என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது கொஞ்சம் நம்பகமானது.

சரி, சிறுநீரிலேயே அளந்துவிடலாமே என்று தோன்றும். டி.என்.ஏ. பழுதைக் காட்டும் 8-ஓ.ஹெச்.டி.ஜி.யை அப்படித்தான் பார்க்கிறார்கள், ஊசிகூடத் தேவையில்லை. சிறுநீர் ஒரு நேரம் நீர்த்தும் ஒரு நேரம் அடர்ந்தும் வரும் என்பதால் கிரியாட்டினினால் வகுத்துச் சரிசெய்வது வழக்கம். ஆனால் யாருடைய கிரியாட்டினினால் வகுக்கிறோம்? நோய் முற்றியவர்களுக்குத் தசை கரைந்திருக்கும், சிறுநீரில் ஒரு நாளைக்கு வெளியேறும் கிரியாட்டினின் குறைந்திருக்கும். கீழே இருக்கும் எண் சுருங்கினால் மேலே எதுவும் மாறாமலே விகிதம் ஏறும். டயாலிசிஸில் இருக்கும் பலருக்குச் சிறுநீரே வராது, அங்கே இந்தச் சோதனைக்கு இடமே இல்லை. இதற்கும் எலைசா கிட்டுகள் ஏராளம், அவை பொதுவாக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் காட்டுவதைவிட அதிகமாகவே காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த முரண் வேறு ஒன்று. மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறன் என்று ஒரு சோதனை உண்டு, எஃப்.ஆர்.ஏ.பி., டி.இ.ஏ.சி., ஓ.ஆர்.ஏ.சி. என்று பல பெயர்களில். பிளாஸ்மாவில் இருக்கும் எல்லாப் பாதுகாப்பையும் கூட்டி ஒரே எண்ணாகத் தரும் என்று சொல்வார்கள். ஆனால் எஃப்.ஆர்.ஏ.பி.யில் வரும் எண்ணில் பாதிக்கும் மேல் யூரிக் அமிலத்தின் பங்கு. சிறுநீரக நோயில் யூரிக் அமிலம் தேங்கும், தேங்கினால் திறன் கூடும். ஆக, நோய் முற்றியவருக்கு ஆரோக்கியமானவரைவிட அதிகப் பாதுகாப்பு இருப்பதாக ரிப்போர்ட் வரும். டயாலிசிஸ் முடிந்ததும் யூரிக் அமிலம் கழுவப்பட்டு எண் விழும், உடனே டயாலிசிஸ் பாதுகாப்பை அழித்துவிட்டது என்று ஒரு கட்டுரை எழுதலாம்! வைட்டமின் சி போனது உண்மையான இழப்பு, யூரிக் அமிலம் போனது சிகிச்சை. இந்தச் சோதனைக்கு இரண்டும் ஒன்றுதான். யூரிக் அமிலத்தின் பங்கைக் கழிக்காமல் இதைச் சிறுநீரக நோயாளிகளிடம் பயன்படுத்தவே கூடாது என்பது என் கட்சி.

நொதிகளிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. பிளாஸ்மாவில் சுற்றும் குளுட்டத்தையோன் பெராக்சிடேஸின் பெரும்பகுதி சிறுநீரகத்தில்தான், அதன் நுண்குழாய்களின் செல்களில்தான் தயாராகிறது. சிறுநீரகத் திசு அழிந்தால் அந்த நொதி குறையும். அதைப் பார்த்து, ராடிக்கல்களோடு போராடிப் போராடி நொதி தீர்ந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். தொழிற்சாலையே மூடிக்கிடக்கிறது ஐயா.

புரதப் பழுதைப் பொறுத்தவரை, டயாலிசிஸ் நோயாளிகளைப் பார்த்தே பிறந்த அளவீடு ஏ.ஓ.பி.பி., அதாவது ஆக்சிஜனேற்றத்தால் பழுதான புரதங்களின் அளவு. பாரிஸ் குழு ஒன்று 1996-இல் அறிமுகப்படுத்தியது. அமில நிலையில் பொட்டாசியம் அயோடைடு சேர்த்து 340 நானோமீட்டரில் படித்து, குளோராமின்-டி அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது. வெள்ளணுக்கள் மைலோபெராக்சிடேஸ் நொதியால் குளோரின் சேர்மங்கள் செய்து ஆல்புமினைத் தாக்குவதன் தடயம் இதில் தெரியும், ஆகவே டயாலிசிஸுக்கு இது பொருத்தமான கேள்விதான். தொல்லை என்னவென்றால் ட்ரைகிளிசரைடு கூடிய பிளாஸ்மா கலங்கி எண்ணை ஏற்றிவிடும், சிறுநீரக நோயாளிகளுக்கோ ட்ரைகிளிசரைடு கூடியிருப்பது சாதாரணம். மைலோபெராக்சிடேஸையே நேராக அளக்கலாமென்றால், டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபாரின், ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த நொதியைப் பெயர்த்து ரத்தத்தில் விட்டுவிடும். ஹெபாரின் போடுவதற்கு முன் எடுத்த மாதிரியா பின் எடுத்ததா என்று எழுதாத கட்டுரையை நான் அதற்கு மேல் படிப்பதில்லை.

டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நான்கு மணி நேரத்தில் உடம்பிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் நீரை எடுத்துவிட்டால் ரத்தம் அடர்த்தியாகும். சவ்வைத் தாண்டிப் போக முடியாத புரதங்கள் எல்லாம், ஒரு துளிகூடப் புதிதாக உண்டாகாமலே, லிட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூடித் தெரியும். ஆல்புமினை வைத்தோ ஹீமாட்டோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) வைத்தோ திருத்தம் போட்டால் தீர்ந்தது, பெரிய வித்தை இல்லை.

குளுட்டத்தையோன் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஆய்வக நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். சாதாரண வடிவத்துக்கும் ஆக்சிஜனேற்றமடைந்த வடிவத்துக்கும் உள்ள விகிதம், கேட்பதற்கு இந்தத் துறையின் மிக நேர்மையான எண். ஆனால் ரத்தம் குழாய்க்குள் வந்தவுடனேயே அது ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கும். என்-எத்தில்மாலியமைடு போன்ற ஒன்றைக் கட்டிலருகிலேயே சேர்த்துத் தடுக்காவிட்டால் வரும் விகிதம் நோயாளியுடையது இல்லை, வார்டிலிருந்து ஆய்வகம் வரை நடந்து வந்தவருடைய வேகத்தைத்தான் அது காட்டும். சிவப்பணுவுக்குள் பிளாஸ்மாவில் இருப்பதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு குளுட்டத்தையோன் இருப்பதால், பிளாஸ்மாவில் அளப்பவர்களுக்குச் சில சிவப்பணுக்கள் உடைந்தாலே போதும், எல்லாம் போயிற்று.

கையடக்கக் கருவியில் ஆக்சிஜனேற்ற அளவைச் சில நிமிடத்தில் சொல்லும் டி-ரோம்ஸ் சோதனையும் இருக்கிறது. கார் யூனிட் என்ற அலகில் 250 முதல் 300 வரை இயல்பு என்பார்கள். அந்த வினையில் செரூலோபிளாஸ்மின் என்ற செம்புப் புரதம் குறுக்கிடுகிறது என்ற விமர்சனம் ரொம்ப நாளாகவே உண்டு. அழற்சி இருந்தால் அந்தப் புரதம் கூடும், சிறுநீரக நோயில் அழற்சி எப்போதும் இருக்கும். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இப்படியெல்லாம் பிரித்துப் போடுவதால் எதையும் அளக்காதே என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே நோயாளியை அவரோடு அவரையே ஒப்பிட்டு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும், ஜி.எஃப்.ஆர். பெரிதாக மாறாத காலத்துக்குள், கொழுப்பிலிருந்து ஒன்று புரதத்திலிருந்து ஒன்று என்று வேறு வேறு வழியில் உண்டாகும் இரண்டு மூன்று தடயங்களை, நல்ல முறையில் அளந்தால் பயனுள்ள செய்தி கிடைக்கும். வடிகாலின் நிலை மாறாமல் இருக்கும்போது மட்டம் இறங்கினால் குழாய் மூடப்பட்டிருக்கிறது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

எண் இறங்கினால் நோயாளிக்கு நல்லதா என்பது அடுத்த கேள்வி, அங்கே அனுபவம் கலவையானது. 2000-இல் வந்த ஸ்பேஸ் ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 196 டயாலிசிஸ் நோயாளிகளில் தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் குறைந்தன. 2003-இல் 134 டயாலிசிஸ் நோயாளிகளிடம் அசிடைல்சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்துப் பார்த்ததிலும் இதய நிகழ்வுகள் குறைந்தன. உற்சாகமான காலம். ஆனால் ஹோப் என்ற பெரிய ஆய்வில் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 400 யூனிட் வைட்டமின் ஈ எந்தப் பலனும் தரவில்லை. 2014-இல் முந்நூற்றுச் சொச்சம் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு டோகோஃபெரால் (வைட்டமின் ஈ வகைகள்) கலவையும் ஆல்ஃபா லிப்போயிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜனேற்றக் குறியீடுகள்கூட அசையவில்லை.

எல்லாவற்றையும்விடக் கசப்பானது பார்டாக்சோலோன் மெத்தில். வெளியிலிருந்து ஆன்டிஆக்சிடன்ட் கொடுக்காமல், உடம்பின் சொந்தப் பாதுகாப்பு மரபணுக்களை முடுக்கிவிடும் மருந்து, யோசனை அருமை. சர்க்கரை நோயோடு சிறுநீரக நோயின் நான்காம் நிலையில் இருந்த 2185 பேரிடம் நடந்த பீக்கன் ஆய்வில், கணக்கிட்ட ஜி.எஃப்.ஆர். கூடவும் செய்தது. ஆனால் இதயச் செயலிழப்பு கூடியதால் 2012 அக்டோபரில் ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். திரையில் தெரிந்த எண் நன்றாகத்தான் இருந்தது.

நோயாளிகள் இதைப் படித்தால் ஒரு விஷயம். ஜி.எஃப்.ஆர்., சிறுநீரில் ஆல்புமின், இவை இரண்டையும் வைத்துத்தான் உலகம் முழுக்க இந்த நோயை நிலைப்படுத்துகிறார்கள், அந்த வகைப்பாட்டில் ஆக்சிஜனேற்றக் குறியீடு எதுவும் கிடையாது. ஏதோ ஒரு பேக்கேஜில் ‘ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ்’ என்று ஒரு வரி சிவப்பில் வந்திருந்தால் பதற வேண்டியதில்லை. உங்கள் சிறுநீரகச் செயல்பாடு குறைவு என்ற தெரிந்த செய்தியையே அது வேறு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அந்த வரியைக் காட்டி அதிக அளவு வைட்டமின் சி எடுக்கச் சொன்னால் மட்டும் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். அது உடம்பில் ஆக்சலேட்டாக மாறும், ஆக்சலேட் வெளியேற வேண்டிய வழியும் சிறுநீரகம்தான், டயாலிசிஸ் அதை முழுதாக ஈடுகட்டுவதில்லை. இழந்ததை ஈடுகட்டக் குறைந்த அளவில் மருத்துவர் எழுதிக் கொடுப்பது வேறு கணக்கு, கிராம் கணக்கில் நாமாக விழுங்குவது வேறு கணக்கு.